ஹைட்ரஜன் சார்

எங்கள் குடியிருப்பில் அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர், லிஃப்ட் பக்கத்துப் பலகையில் மட்டும் இருக்கிறது. மற்றபடி வாட்ச்மேன் முதல் சங்கச் செயலாளர் வரை எல்லோருக்கும் அவர் ஹைட்ரஜன் சார். நேரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். “பச்சை ஹைட்ரஜனா, சாம்பல் ஹைட்ரஜனா, தெளிவாச் சொல்லுங்க” என்பார்.

இது திருச்சி தில்லைநகர். ஆனால் நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் உங்கள் தெருவிலும் இவர் இருப்பார். அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். மின்சார காரைப் பற்றி அந்த வட்டாரத்திலேயே அதிகம் தெரிந்தவராக இருப்பார். அவர் ஓட்டுவது டீசல் காராக இருக்கும். அந்தக் காருக்குப் பதினைந்து வருடப் பதிவு முடிந்து, பசுமை வரி கட்டி, எஃப்.சி. காட்டி, இன்னும் ஐந்து வருடம் ஆயுள் நீட்டித்து வாங்கியிருப்பார். ஏன் சார் இன்னும் இதை வைத்து மல்லுக்கட்டுகிறீர்கள் என்று கேட்டால் ஒரே பதில்தான்: “இப்ப வாங்குறவன் ஏமாளி. அடுத்தது வரட்டும்.”

அடுத்தது எது என்பதுதான் வருடத்துக்கு வருடம் மாறும். 2020 ஜனவரியில் டாட்டாவின் நெக்ஸான் மின்சார கார் விற்பனைக்கு வந்தபோது, “எல்லாம் சரி, லித்தியம் நம்மகிட்ட ஏது? சீனாக்காரன் மூடினா வண்டி நின்னுரும்” என்றார். 2023 பிப்ரவரியில் ஜம்முவின் ரியாசி மாவட்டத்தில் 59 லட்சம் டன் லித்தியத் தாது இருக்கலாம் என்று செய்தி வந்தது. அன்று காலை நடைக்கு அவர் வரவில்லை. மறுநாள் வந்தார். “இருக்கலாம்னுதானே சொல்றான்? அது முதல்கட்ட மதிப்பீடு. தோண்டி எடுத்துச் சுத்தம் பண்ணி முடிக்கிறதுக்குள்ள சோடியம் பேட்டரி வந்துரும்.” இதில் முதல் பாதி முழுக்கச் சரி என்பதுதான் எரிச்சல். இந்த மனிதரோடு வாதாடுவதில் உள்ள சங்கடமே அதுதான். தவறாக எதையும் சொல்லித் தொலைக்க மாட்டார்.

சோடியம் பேட்டரி வந்தது. “திடநிலை பேட்டரி வரட்டும்” என்றார். டொயோட்டா 2027, 2028 வாக்கில் திடநிலை பேட்டரி காரைக் கொண்டுவருவதாகச் சொன்னதும் அதையும் கைகழுவிவிட்டார். வந்துவிடும் என்று தேதி சொல்லிவிட்ட எதுவும் அவருக்கு ருசிப்பதில்லை. பெண்ணுக்கு வரும் ஜாதகத்தையெல்லாம் ‘இதைவிட நல்ல இடம் வரும்’ என்று தள்ளித் தள்ளி வைக்கும் அப்பா மாதிரி அவர்.

பட்டப்பெயர் வந்த நாள் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி, டொயோட்டா மிராய் என்ற ஹைட்ரஜன் காரில் ஏறி நாடாளுமன்றத்துக்குப் போனார். அந்தப் படத்தைக் கைப்பேசியில் சேமித்து வைத்து, பேரக்குழந்தையின் படத்தைக் காட்டுவதுபோல் ஒவ்வொருவரிடமாகக் காட்டினார். “புகைக்குழாயில் என்ன வருது தெரியுமா? தண்ணி!” தெருக்குழாயில் தண்ணீர் வராத நாளாகப் பார்த்து இதைச் சொன்னதால் பெயர் ஒட்டிக்கொண்டது.

காலை நடை முடிந்து டீக்கடைக்கு வருகிற கூட்டத்தில் அவருக்கு எதிர்க்கட்சியும் உண்டு. மூன்றாவது மாடி இளைஞர். மின்சார கார் வாங்கியவர். இவரை யூனிட் கணக்கர் எனலாம். கார் வாங்கும் முன் கலகலப்பாக இருந்த பிள்ளை. இப்போது எந்தப் பேச்சும் கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய் என்பதில் வந்து முடியும். “ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் சார். உங்க வண்டி ஒரு கிலோமீட்டருக்கு ஆறு ரூபா குடிக்குது, என்னுது ஒரு ரூபா சொச்சம்.” கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தும் இதையே சொல்லியிருக்கிறார், பக்கத்து இலைக்காரர் பாயசத்துக்கு முன்பே எழுந்துவிட்டார்.

“அந்த யூனிட் எங்கேருந்து வருது?” ஹைட்ரஜன் சார் தொடங்குவார். “நாட்டுல முக்கால்வாசிக் கரண்ட் நிலக்கரி. மேட்டூர்ல எரியுது, தூத்துக்குடியில எரியுது. உங்க காருக்கு வேற ஊர்ல புகைக்குழாய் இருக்கு தம்பி, அவ்வளவுதான்.”

“முப்பந்தல் காத்தாடி, கமுதி சோலார் எல்லாம் கணக்குல வராதா சார்? தமிழ்நாட்டுல காற்றாலை மட்டும் பத்தாயிரம் மெகாவாட்டைத் தாண்டிருச்சு.”

“காத்து எப்ப அடிக்கும்? மே மாசத்துலேருந்து அக்டோபர் வரைக்கும். மார்கழியில காரைத் தள்ளிட்டுப் போவீங்களா?”

“பகல்ல சோலார்…”

“ராத்திரி?”

“பேட்டரியில சேர்த்து வைக்கலாம்…”

“பேட்டரிக்குக் கோபால்ட்? காங்கோவுல குழந்தைகள் தோண்டுது தம்பி.”

“எல்.எஃப்.பி. பேட்டரியில கோபால்ட்டே கிடையாது சார்.”

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதர் மாட்டிக்கொண்டிருப்பார். ஹைட்ரஜன் சார் டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, “அதான் சொல்றேன், அடுத்தது வரட்டும்” என்றார். தோற்ற இடத்திலேயே வென்றுவிட்டார்.

அந்தக் கூட்டத்தில் இன்னொருவர் உண்டு. பெல் நிறுவனத்தில் வேலைக்காலம் முழுக்கப் பாய்லர் வடிவமைத்து ஓய்வுபெற்றவர். எரிசக்தி பற்றி உண்மையிலேயே தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அதனாலேயே வாய் திறக்க மாட்டார். ஒரே ஒரு நாள் திறந்தார். “நூறு யூனிட் கரண்டை வெச்சுத் தண்ணியைப் பிரிச்சு, ஹைட்ரஜனை அமுக்கி, தொட்டியில ஏத்தி, கார்ல திரும்பக் கரண்ட் ஆக்கினா, சக்கரத்துக்கு முப்பது சொச்சம்தான் போய்ச் சேரும். நேரா பேட்டரியில போட்டா எழுபது, எண்பது.” சொல்லிவிட்டுக் கிளாஸை வைத்தார், போய்விட்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஹைட்ரஜன் சார் சொன்னார்: “அது இன்னைய நிலைமை.”

இன்றைய நிலைமை மேல் அவருக்கு அப்படியொரு இளக்காரம்.

வேடிக்கை என்னவென்றால், பேட்டரியை நம்பக் கூடாது என்று சொல்லும் அவர் வீட்டில் பேட்டரி ஓய்ந்ததே இல்லை. 2012-இல் பாதி நாள் கரண்ட் இல்லாமல் திருச்சி வெந்துகொண்டிருந்தபோது வாங்கிய இன்வெர்ட்டர் அது. பால்கனி மூலையில் பூஜை அறைக்கு அடுத்த மரியாதையோடு இருக்கிறது. மாதாமாதம் மூடியைத் திறந்து மட்டம் பார்த்து, டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி, முனைகளில் பூத்த உப்பைத் துடைத்து வாசலின் தடவுவார். இதற்குள் இரண்டு முறை பேட்டரி மாற்றியாயிற்று. வீட்டில் சக்தியைச் சேமித்து வைத்துத் தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டைப் பதினைந்து வருடத்துக்கு அருகில் நடத்தி வருகிறவரிடம், சேமிப்பு சாத்தியமா என்று கேட்டால், “நடைமுறைக்கு ஒத்துவராது” என்கிறார்.

சரித்திரமும் தெரியும் அவருக்கு. “இது புதுசுன்னு நெனச்சீங்களா? 1899-லேயே மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டின முதல் வண்டி மின்சார வண்டிதான். ஹென்றி ஃபோர்டோட சம்சாரமே மின்சார கார்தான் ஓட்டினாங்க. என்ன ஆச்சு? தோத்துப்போச்சு.” அந்தத் தோல்வியில் ஒரு வேடிக்கை உண்டு, அதை மட்டும் விட்டுவிடுவார். பெட்ரோல் காரைக் கைப்பிடி சுழற்றிக் கிளப்பும் வேலையை 1912-இல் காடிலாக் ஒழித்தது. எதை வைத்து? ஒரு சின்ன மின்மோட்டாரையும் பேட்டரியையும் வைத்து. மின்சார காரைத் தோற்கடித்ததில் மின்சாரத்துக்கே பங்குண்டு. ஹைட்ரஜன் சாரிடம் இதைச் சொன்னால் நாலு நாளில் அவர் கண்டுபிடித்ததாக நமக்கே திரும்பி வரும்.

ஒரே ஒரு முறை அவர் காத்திருக்காமல் நம்பியிருக்கிறார் என்று அவர் மனைவி சொல்கிறார். 1996-இல் ராஜபாளையம் பக்கத்து இளைஞர் ஒருவர் இலையையும் எலுமிச்சைச் சாற்றையும் உப்பையும் கொதிக்க வைத்துப் பெட்ரோல் எடுத்துக் காட்டினார், மூலிகைப் பெட்ரோல். நாடே மூக்கின் மேல் விரல் வைத்தது. நம்மவர் அப்போது இளைஞர், அடுக்களைப் பாத்திரத்தில் வேப்பிலை கொதிக்க வைத்துப் பார்த்தார். அந்தப் பாத்திரம் பிறகு பால் காய்ச்ச உதவவில்லை. கலப்படப் பெட்ரோலிய எண்ணெய்தான் அது என்று வழக்காகி, 2016-இல் சென்னை நீதிமன்றம் தண்டனையும் கொடுத்துவிட்டது. நடுவில் எப்போதோ அவர் காத்திருக்கத் தொடங்கிவிட்டார்.

அதே 1996-இல்தான் கல்பாக்கத்தில் காமினி என்ற சிறிய அணு உலை இயங்கத் தொடங்கியது. தோரியத்திலிருந்து கிடைக்கும் யுரேனியம்-233இல் ஓடுவது. தோரியம் என்றால் அவர் குரலே குழையும். “மணவாளக்குறிச்சி மணல்ல கொட்டிக் கிடக்கு. ஹோமி பாபா அன்னைக்கே மூணு கட்டத் திட்டம் போட்டு வெச்சுட்டுப் போயிட்டார்.” காமினியின் வெப்பத்திறன் 30 கிலோவாட். நெடுஞ்சாலை ஓட்டல் வாசலில் நிற்கும் ஒரு வேகச் சார்ஜர் பெட்டியின் அளவு. ஆராய்ச்சிக்கென்றே கட்டிய உலையை இப்படிக் கேலி பேசுவது நியாயமில்லைதான். ஆனால் அவர் அதை நம்பி எஃப்.சி. நீட்டிப்பதும் நியாயமில்லை.

தோரியத்துக்கும் அப்பால் அணுச்சேர்க்கை இருக்கிறது. 2022 டிசம்பரில் கலிஃபோர்னிய ஆய்வகம் ஒன்றில் 2.05 மெகாஜூல் லேசர் பாய்ச்சி 3.15 மெகாஜூல் எடுத்தார்கள். அன்று எல்லோருக்கும் ஹைட்ரஜன் சார் கணக்கில் டீயும் மசால் வடையும். யூனிட் கணக்கர் கைப்பேசியைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலை நிமிர்ந்தார். “சார், 3.15 மெகாஜூல்னா ஒரு யூனிட்டுக்கும் குறைச்சல். அந்த லேசரை ஓட்ட இழுத்த கரண்டு 300 மெகாஜூலாம்.” வடைக்குக் காசு கொடுத்தாகிவிட்டது.

இத்தனையும் நடக்கிற டீக்கடைக்கு எதிரே இஸ்திரி வண்டிக்காரர் இருக்கிறார். கரிப்பெட்டியை விட்டுவிட்டு கேஸ் பெட்டிக்கு மாறிவிட்டார். யாரிடமும் கருத்துக் கேட்கவில்லை. சட்டையில் கரித்தூள் விழுகிறதென்று திட்டு வாங்கினார், மாற்றினார். அதில் ஹைட்ரஜன் சாரின் சட்டையும் ஒன்று.

போன பொங்கலுக்கு அவர் மாப்பிள்ளை பெங்களூரிலிருந்து மின்சார காரில் வந்து இறங்கினார். வழியில் சேலத்தில் சார்ஜ் போட்டு, அந்த நேரத்தில் இட்லி சாப்பிட்டு, அலட்டிக்கொள்ளாமல் வந்தார். மாமனாருக்கு அதுவே ஏமாற்றம். வழியில் நின்றுபோனால் பேச ஒரு சொற்பொழிவு தயாராக இருந்தது. இரவு கார் நிறுத்துமிடத்துப் பவர் பிளக்கில் வயரைச் செருகினார்கள். அந்த இணைப்பு இவர் வீட்டு மீட்டரில். “ரெண்டு மாசத்துல ஐந்நூறு யூனிட்டைத் தாண்டினா ரேட்டே வேற மாப்ளே” என்று மென்மையாகச் சொல்லிவிட்டுப் படுத்தவர், நள்ளிரவில் டார்ச் எடுத்துக்கொண்டு மீட்டர் பார்க்க இறங்கினார். வாட்ச்மேன் திருடன் என்று விசிலடித்துவிட்டார். விடிந்தபோது ஓடியிருந்தது இருபத்தைந்து யூனிட். தாளில் என்னவோ பெருக்கினார், வகுத்தார், தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அன்று டீக்கடையில் மழையைப் பற்றி மட்டும் பேசினார்.

அந்தத் தாளைச் சலவைக்குப் போடும் சட்டைப்பையிலிருந்து எடுத்தவர் அவர் மனைவி. பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். கணவர் போட்ட கணக்கைத் திருத்தி, தன் ஓய்வூதியத்தில் ஒரு மின்சார ஸ்கூட்டருக்கு முன்பணம் கட்டிவிட்டார். உறையூருக்குப் பாட்டு வகுப்புக்குப் போக, மார்க்கெட்டுக்குப் போக. காரைப் பற்றி நீங்கள் நிதானமாக யோசியுங்கள் என்றும் சொல்லிவிட்டார்.

வண்டி எடுக்கும் நாளில் சாரும் கூடப் போனார். கடையில் இருந்த பெண்ணிடம், இந்த பேட்டரியில் சோடியம் எப்போது வரும், மேட்டில் ஏறும்போது எவ்வளவு இழுக்கும், கல்பாக்கத்து வேக ஈனுலையின் கருப்பகுதியை 2024 மார்ச்சில் நிரப்பத் தொடங்கினார்களே, அதற்கு அடுத்த கட்டம் தோரியம்தானே என்று கேட்டார். அந்தப் பெண் மேலாளரைப் பார்த்தாள். மேலாளர் கணினியைப் பார்த்தார்.

“தோரியம் வந்ததும் சொல்லுங்க, மாத்திக்கலாம்” என்றபடி டீச்சர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

“கலர் மட்டும் சொல்லிட்டீங்கன்னா போதும் சார்” என்றாள் அந்தப் பெண். “வெள்ளை, நீலம், சாம்பல் மூணு இருக்கு.”

சார் மூன்றையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“அடுத்த மாசம் புதுசா ஏதாவது கலர் வருதாம்மா?”