சாவி கைமாறியது, பில் யாருக்கு?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்ப்பவர் ஊர்த் திருவிழாவுக்குக் கிளம்புகிறார். "வீட்டுல வந்து தங்கிக்கப்பா, நாயை மட்டும் பாத்துக்க" என்று நைட் ஷிஃப்ட் நண்பரிடம் சாவியைக் கொடுக்கிறார். வில்லங்கம் அங்கேயே ஆரம்பம். நாய்க்குக் கோழிக்கழுத்து, தண்ணி கேன், பாதியில் தீர்ந்த சிலிண்டர் எல்லாம் நண்பரின் கைக்காசு. பகல் முழுக்க ஏசி போட்டுத் தூங்கியது வீட்டுக்காரர் கணக்கு.

மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு முதல் சில யூனிட்டுகளை இலவசமாகத் தருகிறது. மொத்தம் 500ஐத் தாண்டினாலோ கீழ்ப்படி யூனிட்டுக்கும் விலை ஏறிவிடும். தாண்ட வைத்தது யார்? நாய் சாட்சி சொல்லாது. அதற்கும் ஏசி பிடித்துப்போயிற்று.

என் தீர்ப்பு: நாயும் சிலிண்டரும் வீட்டுக்காரர் செலவு, ஏசி நண்பர் செலவு. சாவியைக் கொடுக்குமுன் மீட்டரை ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.