பத்து மணிக்கு மட்டும் கேட்காத காது

சங்கரன்கோவிலில் இரவு விடுதி கிடையாது. அந்தக் குறை தெரியாமல் பார்த்துக்கொள்கிறார்கள். டிக்கெட் வேண்டாம். நீங்கள் போகவும் வேண்டாம். அது உங்கள் படுக்கைக்கே வரும். சடங்கு வீடு, கோயில் கொடை, கட்சிக் கூட்டம், எதுவானாலும் கம்பத்தில் குழாய், தெருமுனையில் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பாக்ஸ். காதுகுத்து என்றால் குத்துவது ஒரு பிள்ளைக்கு, கிழிவது நாலு தெருவுக்கு.

விசைத்தறி ஓடும் ஊர் இது. பகலெல்லாம் தறிச் சத்தத்தில் நின்றவர் ராத்திரி வீட்டுக்கு வந்து படுத்தால் ஜன்னல் அதிர்கிறது. அலமாரியில் எவர்சில்வர் டம்ளர் தானாக நகர்கிறது. 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் காதுக்கு ஆபத்து. மூன்று டெசிபல் ஏற ஏற நேரம் பாதி பாதியாகக் குறையும். 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான். உள்காதின் நுண்மயிர்ச் செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது.

சட்டமா? பேஷாக இருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்பில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. 2005இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. சொன்னது யார் காதிலும் விழவில்லை. பாக்ஸ் ஓடிக்கொண்டிருந்ததே!

ஸ்டேஷனுக்குப் போன் போட்டால் முதல் கேள்வி: "உங்க பேரு?" பாட்டு நிற்காது. பேர் மட்டும் பாக்ஸ் கட்டியவருக்குப் போய்ச் சேரும்.

சுவிட்சர்லாந்தில் கச்சேரிச் சத்தம் சராசரி 93 டெசிபலைத் தாண்டினால், நடத்துகிறவர் இலவசமாகக் காதடைப்பான் கொடுக்க வேண்டும். இங்கே இலவசமாக மிக்சி கொடுத்தார்கள். அதுவும் சத்தம் போடும் சாமான்.

பஞ்சு போதாது, நல்ல அடைப்பான் போடுங்கள், பாக்ஸை விட்டுத் தள்ளி நில்லுங்கள் என்கிறார் டாக்டர். தள்ளி நிற்கலாம். வீட்டை எங்கே தள்ளி வைப்பது?

முடியாத காரியம், பண்பாடு, ஜனங்களின் உணர்வு என்று கதை விடுவார்கள். தேர்தல் நேரத்தில் பாருங்கள். இரவு 10 அடித்ததும் அடுக்குமொழியில் முழங்கிய தலைவர் பாதி வாக்கியத்தில் மைக்கை அணைக்கிறார். வேனில் நின்று வெறும் கும்பிடு. தேர்தல் ஆணையம் பார்க்கிறதே, வழக்கு வருமே! அந்தச் சில வாரம் எல்லோர் கைக்கடிகாரமும் ஓடுகிறது. ஓட்டு எண்ணி முடித்த அன்று ராத்திரி, வெற்றி விழாவுக்கு முதலில் வந்து இறங்குவது பாக்ஸ்தான். பந்தோபஸ்துக்கு அதே போலீஸ்.