டர்போ ஆறட்டும்

கல்யாண மண்டப வாசலில் மனைவியும் மாமியாரும் இறங்கி, பன்னீர் தெளிப்பெல்லாம் வாங்கிக்கொண்டு உள்ளே போயாகிவிட்டது. கெட்டிமேளம் கேட்கிறது. மனிதர் மட்டும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருப்பார். “வண்டிய ஓரமா விடுங்க சார்” என்று வாட்ச்மேன் வந்தால், “இருப்பா, டர்போ ஆறணும்” என்பார்.

பழைய டர்போ பெட்ரோல் கார்க்காரரை இதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். அவர் சொல்வது பொய்யில்லை. எஞ்சின் கழித்துவிடும் சூட்டுப் புகைதான் டர்போவின் சக்கரத்தைச் சுற்றுகிறது, நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல். விரட்டி ஓட்டிவிட்டுச் சட்டென்று அணைத்தால் பேரிங்கில் தேங்கிய ஆயில் கருகிவிடும். ஆனால் இவர் வந்தது வடபழனியிலிருந்து கோடம்பாக்கத்துக்கு. ஆற்காடு சாலை நெரிசலில், பெரும்பாலும் முதல் கியரில்.

புகையைப் பார்த்து ஜாதகம் சொல்வார். நீலமென்றால் ஆயில் எரிகிறது, வெள்ளையென்றால் கூலன்ட், கறுப்பென்றால் ஹோஸில் எங்கோ காற்றுக் கசிவு. மூன்றும் ஒரே வாரத்தில் வந்தபோது முகத்தில் கவலையே இல்லை. “பாத்தீங்களா, இந்த வண்டி எதையும் மறைக்காது!”

டேஷ்போர்டில் எந்நேரமும் மஞ்சளாக எரியும் எஞ்சின் விளக்கு சென்சார் கோளாறாம். ஸ்கேனரைச் செருகி அழிப்பார். அடுத்த சிக்னலில் திரும்ப எரியும். ஒருமுறை இரண்டு நாள் எரியவில்லை. பல்பு போய்விட்டதோ என்று பதறி மெக்கானிக்கிடம் ஓடினார்.

இப்போது எல்லாப் பழியையும் சுமக்க எத்தனால் கிடைத்திருக்கிறது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பங்குகளுக்கு வரத் தொடங்கியது 2023-இல். பழைய ரப்பர் பாகங்களுக்கு அது ஆகாது என்பதில் நியாயம் உண்டு. 2019-இலேயே நின்றுபோன பவர் விண்டோவுக்கும் அதுதான் காரணம் என்கிறபோதுதான் இடிக்கிறது.

பதினைந்து வருடம் முடிந்து, 5,000 ரூபாய் கட்டி ஆர்.சி. புதுப்பித்த அன்று தெருவுக்கே லட்டு கொடுத்தார். “அஞ்சு வருஷம் ஓடும்னு கவர்மென்ட்டே எழுதிக் கொடுத்திருக்கு.” அவர் மனைவி லட்டு டப்பாவை நீட்டிவிட்டு ஷேர் ஆட்டோவுக்குக் கிளம்பினார்.

கேலி செய்கிறேனே தவிர, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விடியற்காலை அந்த வண்டியில் நானும் போயிருக்கிறேன். மிதித்ததும் ஒன்றும் நடக்கவில்லை. அவர் கண்ணடித்தார். விசில் மாதிரி ஒரு சத்தம் எழும்பி, முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. மாமல்லபுரம்வரை இருவரும் பள்ளிக்கூடப் பையன்களாகச் சிரித்துக்கொண்டே போனோம். திரும்பி வந்தது மீட்பு வண்டியின் முதுகில். அதிலும் முன்சீட்டு அவருக்குத்தான்.

புதுப்பேட்டையிலும் பாகம் கிடைக்காமல் போகவே, போன மாதம் அதே மாடலில், அதே நிறத்தில் ஓட்டை வண்டி ஒன்றை வாங்கி வந்தார். “ஸ்பேருக்குத்தான்” என்று வீட்டில் சத்தியம் செய்திருந்தார். கழற்றுவதற்குமுன் சும்மா சாவியைத் திருகிப் பார்த்தாராம். ஒரே திருகில் ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஓடுகிற வண்டியைக் கழற்ற யாருக்கு மனசு வரும்? இப்போது இரண்டுக்கும் ஸ்பேர் வேண்டும். ஓசூரில் மூன்றாவது ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம்.