ஔவைக்கு உடன்பிறப்புகள் முளைத்த கதை

நம்மூரில் முன்பின் தெரியாத பெண் ஒருத்தி தெருவில் நடந்தால் பத்து வாசல் தாண்டுவதற்குள் கேள்வி வந்துவிடும்: "யார் வீட்டுப் பொண்ணும்மா நீ?" தகடூரில், அதாவது இன்றைய தருமபுரியில், அதியமான் நெடுமான் அஞ்சியின் அவையில் பாடிக்கொண்டிருந்த ஔவை இதற்குப் பதிலே சொல்லவில்லை. அவள் பெயரில் சங்கப் பாட்டு 59 இருக்கிறது. அப்பன் பேர் ஒன்றிலும் இல்லை.

ராஜாவின் வம்சமோ பக்கா. அவன் முன்னோர்தான் கரும்பைக் கொண்டுவந்தவர்கள் என்று அவளே பாடிவைத்திருக்கிறாள். 1981-இல் ஜம்பையில் கிடைத்த தமிழிக் கல்வெட்டு அவனைச் 'சதியபுதோ' என்கிறது. அசோகரே கல்லில் வெட்டிய குலப்பெயர் அது.

புறநானூறு 89-இல் எதிரி அரசன் ஒருவன், மை தீட்டிய கண்ணும் ஒளிவிடும் நெற்றியுமாக நிற்கும் விறலியிடம், "உங்க ஊர்ல சண்டை போட ஆள் இருக்கா?" என்று விசாரிக்கிறான். கோலெடுத்தாலும் அஞ்சாத பாம்பு மாதிரிப் பையன்கள் இருக்கிறார்கள், தொங்குகிற தண்ணுமையில் காற்று மோதினாலே "போர் வந்தாச்சு" என்று கிளம்புகிற என் தலைவனும் இருக்கிறான் என்கிறாள். அந்த விறலி ஔவையேதான் என்றால், தடியூன்றிய பாட்டி எங்கிருந்து வந்தாள்?

பின்னால் வந்தவர்களுக்கு இந்தப் பெண்ணைச் சும்மா விட மனசில்லை. வயசுப் பெண், ராஜாவோடு சரிக்குச் சரி பேச்சு, போதாக்குறைக்குத் தொண்டைமானிடம் தூது வேறு. முதல் வைத்தியமாக, கல்யாணத்துக்குப் பயந்து பிள்ளையாரை வேண்டிக் கிழவியாகிவிட்டாள் என்றார்கள். பல நூற்றாண்டு பிந்திய ஆத்திசூடி ஔவையையும் இவள் தலையில் கட்டினார்கள். 1953-இல் ஜெமினி படத்தில் கே.பி. சுந்தராம்பாள் வந்து நின்றதும் வழக்கு முடிந்தது.

இரண்டாவது வைத்தியம்தான் அபாரம். குடும்பமே தயாரித்துக் கொடுத்தார்கள். அப்பா பகவன், அம்மா ஆதி. பெயர் தேட ரொம்ப மெனக்கெட்டிருக்க மாட்டார்கள். முதல் குறளிலேயே ரெடியாக இருக்கிறது. பிறக்கும் பிள்ளையை அங்கங்கே விட்டுவிட்டு நடையைக் கட்ட வேண்டும் என்பது பகவன் போட்ட கண்டிஷன். தொப்புள்கொடி காயாத குழந்தை ஒவ்வொன்றும் "அழாதே அம்மா, படைத்தவன் பார்த்துக்கொள்வான்" என்று வெண்பாவிலேயே ஆறுதல் சொல்லி அனுப்பியதாம். நம் வீட்டுப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பிலும் தளை தட்டுகிறார்கள்.

பிள்ளைகள் ஏழு: உப்பை, உறுவை, ஔவை, வள்ளி, வள்ளுவர், கபிலர். ஏழாவது ஆள் யார் தெரியுமா? சாட்சாத் அதியமான்! ராஜாவோடு என்ன பழக்கம் என்று இனி எவன் கேட்பான்? கூடப்பிறந்தவன் ஆயிற்றே!

நெல்லிக்கனி கொடுத்தவரைக்கும் அண்ணன் வேஷம் பொருந்துகிறது. ஆனால் பரிசில் கொடுக்க அதியமான் இழுத்தடித்தபோது, எந்தத் திசை போனாலும் எங்களுக்குச் சோறு கிடைக்கும் என்று வாயில்காவலனிடமே சொல்லிவிட்டு மூட்டை கட்டியவள் இவள். அவன் செத்தபின் பாடிய கையறுநிலையிலோ முதலில் நினைவுக்கு வருவது கள்தான்: கொஞ்சமாகக் கிடைத்தால் முழுக்க எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறைய இருந்தால் நாங்கள் குடித்துப் பாட, மிச்சத்தை அவன் குடிப்பான் என்கிறாள். தங்கச்சிக்கு முதலில் ஊற்றிவிட்டுத் தான் குடிக்கிற அண்ணன் எங்கள் ஜில்லாவில் இருந்தான் என்றால், அந்த வம்சாவளியை எழுதியவர் ஒருதரம் பாலக்கோடு சந்தைப் பக்கம் வந்து சொல்லிப் பார்க்கட்டும்.