புளியங்கொட்டைக்கு ஒரு பாராட்டுப் பத்திரம்

மழலையர் கல்வியில் திருவள்ளூர் மாவட்டம் அடைந்திருக்கும் முன்னேற்றத்தை யாரும் போதுமான அளவுக்குப் புகழவில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு டன் கம்பி உருட்டுவதற்கு உலை வேண்டும், பழைய இரும்பு வேண்டும், ராத்திரி பகலாக மின்சாரம் வேண்டும். மழலையர் ஆசிரியை ஒருவரை உருவாக்கவோ மாடியில் ஓர் அறை, வாசலில் ஒரு ஃபிளெக்ஸ் பேனர், பத்து சார்ட் அட்டை, ஒரு கைப்பிடி புளியங்கொட்டை போதும். பொன்னேரி பக்கமும் திருவள்ளூர் பக்கமும் இப்படிப்பட்ட மாடிகளுக்குப் பஞ்சமில்லை. மாடிக்கு மாடி சான்றிதழ் உண்டு.

புளியங்கொட்டையை அலட்சியமாக நினைத்துவிடாதீர்கள். பயிற்சி பெறுகிறவர்கள் வாயில் 'டி.எல்.எம்.' என்று வழங்கும் கற்றல் கற்பித்தல் உபகரணங்களில் அதுதான் தலைமகன். எண்ணக் கற்றுத்தரலாம், சாயம் பூசி நிறம் பிரிக்கச் சொல்லலாம், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துப் பொறுக்கச் செய்து சிறுதசையை வளர்க்கலாம். செலவு காலணா இல்லை. கூடவே பாசிமணி, சட்டைப் பொத்தான், பேனா மூடி, மஞ்சாடி, தெர்மோகோல் உருண்டை. சின்னதாகவும் பளபளப்பாகவும் இருக்க இருக்க மதிப்பெண் ஏறும். இரண்டு வயதுக் குழந்தை எதைப் பார்த்தாலும் முதலில் வாயில் வைத்துத்தான் படிக்கும் என்ற சங்கதி பாடத்திட்டத்துக்குள் வராததால் யாருக்கும் மதிப்பெண் குறைவதில்லை.

பொம்மைக்குப் பாதுகாப்பு விதி எழுதுகிறவர்கள் ஒரு சின்ன உருளை வைத்திருக்கிறார்கள். அதன் விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் முழுசாக அடங்கிவிடும் எதையும் மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு விளையாட்டுச் சாமானாகக் கொடுக்கக் கூடாது என்பது அவர்கள் கட்சி. இந்தியாவிலும் 2021 ஜனவரி முதல் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். நம் மாடிக்காரர்களின் மதிநுட்பம் இங்கேதான் ஒளிர்கிறது. புளியங்கொட்டை பொம்மையே இல்லை, கல்வி உபகரணம்! எந்த அதிகாரி வந்து எந்த முத்திரையைக் கேட்பார்?

முதலுதவி வகுப்பையும் மெச்சத்தான் வேண்டும். நோட்டில் ஒரு பக்கம், அதில் ஒரு பெட்டியின் படம், பெட்டியின் மேல் சிவப்புக் கூட்டல் குறி. அந்தக் கூட்டல் குறியை எவ்வளவு நேர்த்தியாக வரைகிறார்கள் என்பதைப் பார்த்தால் கண் நிறையும். குழந்தையின் தொண்டை அடைத்தால் என்ன செய்வது என்று பயிற்சி பெறும் எந்தப் பெண்ணும் எழுந்து கேட்டதாகத் தெரியவில்லை. கேட்பானேன்? தமிழ்நாட்டில் பிறந்தவர்களுக்கு அது தெரியாதா? புரையேறினால் உச்சந்தலையில் இரண்டு தட்டு, "யாரோ நினைக்கிறாங்க" என்று ஒரு சிரிப்பு. அப்புறமும் போகாவிட்டால் ஒரு உருண்டைச் சோறு, இல்லையென்றால் வாழைப்பழம். கடைசி அஸ்திரமாக வாய்க்குள் விரலைவிட்டுத் துழாவுவது. பாதி வழியில் நின்ற கொட்டையை உள்ளே தள்ளி வேலையைக் கச்சிதமாக முடிக்க இதைவிட நல்ல முறையை நான் கேள்விப்பட்டதில்லை.

வேறு ஒரு முறை இருக்கிறது. நம் வகுப்புகளின் அழகைக் கெடுக்கும் என்பதால் ஒதுக்கப்பட்டது. இருமுகிற, அழுகிற குழந்தைக்குக் காற்று போய்க்கொண்டிருக்கிறது. அதை இருமவிட வேண்டும். சத்தமே வராமல் முகம் நீலம் பாரித்தால்தான் ஆபத்து. ஒரு வயது நிரம்பாத குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தாடையைப் பிடித்து, தலை தாழ வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. மல்லாத்தி நடு மார்பில் ஐந்து அழுத்து. வெளியே வரும்வரை மாற்றி மாற்றி. ஒரு வயதுக்கு மேல் என்றால் பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்கு மேலே உள்நோக்கி மேல்நோக்கி அழுத்தும் முறை. ஹைம்லிக் என்ற அமெரிக்க மருத்துவர் 1974-ல் சொன்னது. நினைவு தப்பினால் நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கத் தொடங்க வேண்டும். ஒரு ரப்பர் பொம்மையை வைத்துக்கொண்டு இதைப் பழக அரை நாள் போதும். அந்த அரை நாளை இதற்குக் கொடுத்துவிட்டால் சார்ட் ஓரத்துக்கு ஜரிகை ஒட்டுவது யார்?

108 இருக்கிறதே என்பீர்கள். 2008 செப்டம்பரிலிருந்து இருக்கிறது, நன்றாகவே ஓடுகிறது. காற்று நின்றால் நாலைந்து நிமிடத்தில் மூளை பழுதாகத் தொடங்கும். அந்த நேரத்துக்குள் ஜி.என்.டி. சாலையில் கன்டெய்னர் லாரிகளைத் தாண்டி ஆரம்பாக்கத்துக்கு வண்டி வந்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது ஓட்டுநருக்குச் செய்யும் மரியாதை. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கு மூச்சுக்குழாயில் கடலையோடு போகும் பிள்ளைகள் அதிர்ஷ்டசாலிகள். கடலை எக்ஸ்ரேயில் நேராகத் தெரியாது. ஈரத்தில் ஊறிப் பெருத்து, வாரக்கணக்கில் சளி என்ற பெயரில் மருந்து குடித்துக்கொண்டு அடக்கமாக உட்கார்ந்திருக்கும்.

தொழிற்பேட்டையின் பெருமையை விட்டுவிடக் கூடாது. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலை, ஆறு வயதுக்கு உட்பட்ட அவர்களின் பிள்ளைகளுக்கு அறை ஒதுக்க வேண்டும் என்று 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. ஐம்பது ஊழியர் இருந்தாலே குழந்தைகள் காப்பகம் என்று 2017-ல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தினார்கள். ஐம்பது என்ற எண்ணை எட்டாமல் பதிவேட்டை எழுதுவது எளிய கலையா? நாற்பத்தொன்பது பேர் கம்பெனி ஆள், மிச்சம் பேர் கான்ட்ராக்டர் ஆள். கணக்கில் இப்படித் தேர்ந்தவர்கள் புளியங்கொட்டை வைத்து எண்ணிப் படித்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். ஆகவே பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த குடும்பங்களின் லைன் வீடுகளில் ஆறு வயது அக்கா இரண்டு வயதுத் தம்பிக்கு வேர்க்கடலை ஊட்டுகிறாள். அடைப்பு எடுக்க அவளுக்குத் தெரியாது. அந்த வகையில் அவளும் சான்றிதழ் வாங்கிய ஆசிரியையும் சரிசமம்.

அங்கன்வாடி ஆயாக்கள் சிலரைப் பற்றி மட்டும் எனக்குப் புகார் உண்டு. அவித்த முட்டையை முழுசாகக் கொடுத்தால் தட்டில் எவ்வளவு லட்சணமாக இருக்கும்! அவர்கள் உதிர்த்துச் சோற்றில் பிசைந்துவிடுகிறார்கள். சுண்டலை விரலால் நசுக்கிக் கூழாக்குகிறார்கள். ஓடிக்கொண்டே தின்னும் பிள்ளையைப் பிடித்து உட்காரவைக்கிறார்கள். கடைவாய்ப் பல் முளைக்காத பிள்ளை எப்படி மெல்லும் என்று எதிர்க்கேள்வி வேறு. ஜரிகை ஒட்டத் தெரியாது, சார்ட் போடத் தெரியாது. இவர்களைப் பயிற்சி வகுப்பின் பக்கமே அண்டவிடக் கூடாது. போனால் பாடம் நடத்திவிடுவார்கள்.

புது ஆண்டுச் சேர்க்கைக்கு மாடிகளில் பேனர் கட்டியாகிவிட்டது. சேரப் போகும் பெண்களிடம் ஒரு வேண்டுகோள்: பணம் கட்டுவதற்கு முன்னால், முதுகில் தட்டிப் பழகப் பொம்மை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் ரசீது வாங்காமல் படியிறங்குங்கள்.