எட்டுப் போட்டால் எட்டுத் திக்கும் சாலை

பெறுநர்: சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம், புது தில்லி.

பொருள்: பழகுநர் உரிமம் – 30 நாள் ஊறவைத்தல் – பாராட்டும் ஒரு விண்ணப்பமும் – தொடர்பாக.

பார்வை: மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 – விதிகள் 3, 15, 31.

ஐயா / அம்மையீர்,

வண்டி ஓட்டப் பழகுபவர்மேல் தாங்கள் வைத்திருக்கும் அக்கறைக்கு 3ஆம் விதி ஒன்றே சாட்சி. வெள்ளைப் பலகை 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையக் கூடாது. அதில் சிவப்பில் எழுதும் ‘எல்’ குறைந்தது 10 சென்டிமீட்டர் உயரமும், 2 சென்டிமீட்டர் தடிமனும், அடியில் 9 சென்டிமீட்டர் அகலமும் இருக்க வேண்டும். பொற்கொல்லரும் மெச்சும் கணக்கு. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டு பலகைக்கும் நடுவில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரே, அவர் எத்தனை மணி நேரம் ஓட்டிப் பழகியிருக்க வேண்டும் என்று தேடினால் 15ஆம் விதியில் ஒரே ஓர் எண் கிடைக்கிறது: 30 நாள். அதுவும் ஓட்டிய நாள் அல்ல, எல்.எல்.ஆர். என்னும் பழகுநர் உரிமம் கையில் இருந்த நாள். எலுமிச்சங்காயை உப்பிட்டு ஜாடியில் மூடிவைத்தால் ஊறுகாய் ஆவதுபோல, எல்.எல்.ஆரை பீரோவில் மூடிவைத்தால் ஓட்டுநர் தயாராகிவிடுவார் என்று கண்டுபிடித்த பெருமை தங்களைச் சேரும். ஊறுகாய்க்காவது நடுநடுவே ஜாடியைக் குலுக்கிவிட வேண்டும்.

பக்கத்தில் உட்காருபவரைப் பற்றியும் 3ஆம் விதி பேசுகிறது. அவரிடம் நடப்பிலுள்ள உரிமம் இருக்க வேண்டும். வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ தோதான இடத்தில் அமர்ந்திருக்க வேண்டும். எத்தனை ஆண்டு அனுபவம் என்ற கேள்வி கிடையாது. திங்கட்கிழமை உரிமம் வாங்கியவர் செவ்வாய்க்கிழமை குருவாகலாம். பிரிட்டனில் உடன் உட்காருபவருக்கு 21 வயதாகி, உரிமம் வாங்கி 3 ஆண்டும் கழிந்திருக்க வேண்டும். குருபக்தி குறைந்த தேசம். காரிலாவது கைபிரேக் எட்டும். மோட்டார் சைக்கிளில் பின்னிருக்கையில் ஏறும் ஆசான் எதைப் பிடித்து நிறுத்துவார்? கிளட்ச் மாணவரின் இடக்கையில், முன்பிரேக் வலக்கையில், பின்பிரேக் வலக்காலில். ஆசானுக்கு எட்டுவது மாணவரின் தோளும் தன் குலதெய்வத்தின் பெயரும்தான்.

மணிக்கணக்கு தெரியாமல் விட்டுவிட்டீர்கள் என்றும் சொல்ல வழியில்லை. 31ஆம் விதியில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளுக்குப் பாடத்திட்டம் வகுத்தபோது, காருக்கு 21 நாள் பயிற்சி, அதில் ஸ்டியரிங் பிடிப்பது 10 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்று எழுதினீர்கள். அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களுக்காக 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்த விதிகளில், 29 மணி நேரப் படிப்பில் 21 மணி நேரம் ஓட்டிப் பழக வேண்டும் என்றீர்கள். நகரச் சாலை, கிராமச் சாலை, நெடுஞ்சாலை, ஏற்ற இறக்கம் எல்லாம் அதில் உண்டு. ஆக, மையத்தில் படித்தால் 21, பள்ளியில் படித்தால் 10, மாமாவிடம் பழகினால் 0. மூவருக்கும் ஒரே உரிமம், ஒரே சாலை. 21 மணி நேரம் தேவை என்பது உண்மையானால் 0 எப்படித் தகும்? 0 போதும் என்றால் மையத்துக்குப் போகிறவர் எதற்காக அத்தனை மணி நேரம் கட்டணம் கட்ட வேண்டும்? என் வாதம் முழுவதும் தங்கள் தாள்களிலேயே இருக்கிறது. கூட்டிக் கழித்தது மட்டும் நான்.

அந்த இடைவெளியை அடைக்கத்தானே தேர்வு என்பீர்கள். 15ஆம் விதி அடுக்கும் தேர்வுப் பட்டியல் அருமையானது: முந்திச் செல்வது, மேட்டில் நிறுத்தி வண்டி பின்னால் உருளாமல் எடுப்பது, நடந்து போகிறவர் என்ன செய்யப்போகிறார் என்று முன்கூட்டியே ஊகிப்பது. நடைமுறையிலோ, இரு சக்கர வண்டிக்காரர் கால் ஊன்றாமல் எட்டுப் போட்டுவிட்டால் பிரேக் இன்ஸ்பெக்டரின் தலை அசைந்துவிடும். அந்தத் தேர்வு மைதானத்தில் குறுக்கே வரும் பாதசாரி புரோக்கர்தான். அவர் என்ன செய்வார் என்று ஊகிக்கப் பயிற்சி வேண்டியதில்லை. அலுவலகம் பகலில் மட்டுமே இயங்குவதால், ஹைபீம் போட்டு எதிரே வரும் இரவு லாரியும் தேர்வில் இல்லை. சில நிமிடத் தேர்வால் ஒருவருக்கு வித்தை தெரியுமா என்று பார்க்கலாம். பழக்கம் உண்டா என்று பார்க்க முடியாது.

2022இல் சாலை விபத்துகளில் நாடெங்கும் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்பது தாங்களே அச்சிட்ட கணக்கு. 64,105 விபத்துகளோடு எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம். இத்தனைக்கும் பயிற்சிக் குறைவே காரணம் என்றால் அது பொய். வேகமும் போதையும் சாலையின் கோளாறும் பங்காளிகள். ஆனால் மேற்பார்வையில் பழகிய நேரம் கூடினால் பலன் உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது. சுவீடன் 1993இல், உரிமம் பெறும் வயதை 18 ஆகவே வைத்துக்கொண்டு, பழகத் தொடங்கும் வயதை மட்டும் 16 ஆகக் குறைத்தது. அந்தச் சலுகையைப் பயன்படுத்தியவர்கள் சராசரியாக ஏறத்தாழ 120 மணி நேரம் ஓட்டிப் பழகினார்கள். மற்றவர்கள் 50ஐத் தொடவில்லை. உரிமம் பெற்றபின் முதற்கூட்டத்தாருக்கு விபத்து குறைவு. அவர்கள் இயல்பிலேயே பொறுப்பானவர்களாக இருந்திருக்கலாமே என்ற ஐயம் நியாயமானது. அதற்குக் கழிவு கொடுத்த பிறகும் பயன் மிஞ்சியது. ஜெர்மனியில் காருக்கு ஊர்ப்புறச் சாலையில் 5, நெடுஞ்சாலையில் 4, இருட்டில் 3 என்று பயிற்சிப் பாடங்கள் கட்டாயம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 25 வயதுக்கு உட்பட்டவர் 120 மணி நேரம் ஓட்டிக் கணக்குப் புத்தகத்தில் பதிய வேண்டும். அதில் 20 இரவு நேரம்.

நம் ஊரில் அந்தப் புத்தகம் எதற்கு உதவும், ஒரே இரவில் ஒரே பேனாவில் 120 மணி நேரத்தையும் எழுதிவிடுவார்களே என்று கேட்பீர்கள். எழுதுவார்கள். ஆனால் இன்று பொய் சொல்லக்கூட அவசியம் இல்லை, ஏனென்றால் யாரும் கேட்பதே இல்லை. கிலோமீட்டர் எண்ணோடு ஒவ்வொரு வரிக்கும் கையெழுத்துப் போடும் அப்பாவோ அக்காவோ, நாளை ஏதாவது நடந்தால் அந்தக் கையெழுத்து பேசும் என்று தெரிந்துதான் போடுவார். சிலராவது பேனாவை வைத்துவிட்டுச் சாவியை எடுப்பார்கள்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஏழைகளைப் பற்றியது. வீட்டில் கார் இல்லாதவர், கால் டாக்சி ஓட்டிப் பிழைக்க நினைப்பவர், மணிக்கணக்குக்கு எங்கே போவார்? மறுக்க முடியாத கேள்வி. 120ஐ அப்படியே இங்கே இறக்குமதி செய்வது கொடுமை. அதற்கும் நியூ சவுத் வேல்ஸிலேயே ஒரு வழி இருக்கிறது: பயிற்சியாளரிடம் கற்கும் 1 மணி நேரம் புத்தகத்தில் 3 மணி நேரமாக ஏறும், 10 மணி நேரம் வரை. தங்கள் சொந்தக் கணக்கான 21ஐயே எல்லோருக்கும் வைத்து இந்தச் சலுகையையும் சேர்த்தால், பள்ளியில் 7 மணி நேரம் கற்றவருக்கே கணக்கு நேராகிவிடும். மாமாவிடம் பழகுகிறவருக்குச் செலவு பெட்ரோலோடு சரி.

ஆகவே விண்ணப்பம் இவ்வளவுதான். எல்.எல்.ஆருடன் ஒரு மணிக்கணக்குப் புத்தகம். அதில் இரவுக்கென்று சில பக்கம். அருகில் உட்காருபவருக்குச் சில ஆண்டு அனுபவம். மோட்டார் சைக்கிள் ஆசானுக்குப் பின்னிருக்கையிலிருந்து விடுதலை. ‘எல்’ எழுத்தின் தடிமனை அளந்த அதே அளவுகோலால் முடியாத காரியம் அல்ல.

இப்படிக்கு,
வலதும் இடதும் பார்த்துச் சாலையைக் கடக்கும் ஒரு குடிமகன்

இணைப்பு: ஏதுமில்லை. (30 நாள் பழகியதற்குத் தாங்களும் இணைப்பு எதுவும் கேட்பதில்லை.)