ஒரு பல் டாக்டரின் மீன்பாடு

ஸேன் கிரே (1872–1939) அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ஸேன்ஸ்வில் என்ற சிறு நகரத்தில் பிறந்த பல் டாக்டர். கௌபாய் கதைகள் எழுதிப் பெரும்பணம் சேர்த்தவர். சேர்த்ததில் கணிசமான பங்கை மீனுக்குப் பின்னால் கடலில் விட்டவர். ஊரை நிறுவியதே அவருடைய தாய்வழிப் பாட்டனார் வம்சம்தான். ஆனாலும் ஊரால் அவரைப் பிடித்து வைக்க முடியவில்லை.

தந்தை லூயிஸும் பல் டாக்டர், கண்டிப்பானவர். பதினைந்து வயதில் மகன் எழுதிய முதல் கதையைக் கிழித்துப் போட்டு, விமர்சனமாக அடியும் கொடுத்தார். பல் பிடுங்குவதில் மட்டும் தந்தைக்கும் மகனுக்கும் கருத்து வேற்றுமை இல்லை. பையன் உரிமம் ஏதும் இல்லாமலே சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் போய்ப் பல் பிடுங்கினான். அதிகாரிகள் தலையிட்ட பிறகே நிறுத்தினான். பிறகு முறையாகப் படிக்க பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்குப் போனதும் பேஸ்பால் உதவித்தொகையில்தான். இடம் வாங்கித் தந்தது பந்து. 1896இல் பட்டம் வாங்கித் தந்தது பல்.

நியூயார்க்கில் கிளினிக் திறந்தார். பகலில் நோயாளிகள், இரவில் எழுத்து, கோடையில் பேஸ்பால், விடுமுறை கிடைத்தால் டெலவேர் ஆற்றில் தூண்டில். பல் டாக்டர்களுக்கு இப்படிப்பட்ட பொழுதுபோக்குகள் பொருந்துவதில் வியப்பில்லை. நாள் முழுக்க ஒரு சாண் வெளிச்சத்தில், இரண்டு விரற்கடை வாய்க்குள் பார்த்துக்கொண்டிருக்கும் தொழில் அது. எதிரில் இருப்பவரிடம் கேள்வி கேட்கலாம். வாயில் பஞ்சு இருப்பதால் பதில் வராது. மாலையில் வெட்டவெளியைத் தேடி ஓடத் தோன்றும். 1902இல் ஒரு பத்திரிகையில் வெளியான கிரேயின் முதல் கட்டுரையே டெலவேர் ஆற்றைப் பற்றியதுதான். பற்களைப் பற்றி எழுதிப் புகழ் பெறலாம் என்று அவர் நினைத்ததாகத் தெரியவில்லை.

1905இல் திருமணம், அதோடு கிளினிக்கை மூடினார். மனைவி டாலி பதிப்பாளர்களிடம் பேசி ஒப்பந்தங்களையும் கணக்கையும் கவனித்துக்கொண்டார். குடும்பத்தில் துணிச்சலான வேலை யாருடையது என்பது விவாதத்துக்குரியது. 1907இல் கிரே அரிசோனாவுக்குப் போய் மலைச்சிங்கங்களைக் கயிறு வீசிப் பிடிப்பவர்களோடு திரிந்தார். 1912இல் 'ரைடர்ஸ் ஆஃப் த பர்ப்பிள் சேஜ்' நாவல் வந்து பணம் கொட்டியது. மூன்று பாய்மரங்கள் கொண்ட கப்பலை வாங்கி, 'ஃபிஷர்மேன்' என்று பெயரிட்டார். 1926இல் நியூசிலாந்து, பிறகு டஹிட்டி, ஆஸ்திரேலியா.

1930இல் டஹிட்டிக் கடலில் தூண்டிலில் 1,040 பவுண்டு, அதாவது சுமார் 470 கிலோ எடையுள்ள மார்லினைப் பிடித்தார். நம்மூர் மயில்மீனின் குடும்பத்தைச் சேர்ந்த மீன் அது. கரை சேருமுன் சுறாக்கள் கடித்துத் தின்றதுபோக மிஞ்சிய எடைதான் அந்த 1,040 பவுண்டு. பல் பிடுங்கினால் சில நிமிடங்களில் வேலை முடியும், காசும் வரும். இங்கே மணிக்கணக்கில் போராட்டம், செலவும் பிடிப்பவருடையது. மீனைத் தொங்கவிட்டுப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டால் வேட்டை முடிந்தது.

நம்மூர்ப் பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள கோட்டைக்குப்பத்தில் இந்தச் சாகசத்துக்குத் தொழில் என்று பெயர். அங்கே படகில் ஏறுவதற்கு நாவல் விற்க வேண்டியதில்லை. விடியுமுன் எழுந்தால் போதும். பிடித்த மீனோடு படம் எடுக்க நின்றால் அதற்குள் விலை போய்விடும்.

ஆனால் கிரே அங்கே வந்திருந்தால் சிக்கல் வேறு. முகத்துவாரத்தை ஒட்டிய கோட்டைக்குப்பத்திலும் அண்டை மீனவர் கிராமங்களிலும் பாடு முறை உண்டு. இறால் கிடைக்கும் இடங்களைக் குழுக்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. இன்று நல்ல இடத்தில் சுத்துவலை கட்டிய குழு நாளை அடுத்தவருக்கு விட வேண்டும். உரிமை பிறப்பாலும் ஊராலும் வருவது. மணமான ஆண்களின் பெயரே தலைக்கட்டாகப் பட்டியலில் ஏறும். உலகம் போற்றிய நாவலாசிரியர் மூன்று பாய்மரக் கப்பலோடு வந்து நின்றாலும், முதலில் கேட்கப்பட்டிருக்கும் கேள்வி, "எந்தத் தலைக்கட்டு?"